வாங்கும் முன் அந்த டேப்லட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள்

போன ஐப்பசியில் ஆரம்பித்து மாசி வரை, அப்பா புத்தகம் படிக்க ஒரு டேப்லட் வாங்குவதற்காக நான் அலைந்த கதை இது. மொத்தம் நான்கு கருவிகள் வாங்கினேன், அதில் இரண்டு வீண். கையை விட்டுப் போன பணம் மட்டும் 16,700 ரூபாய். பணத்தைவிட, ஒவ்வொரு தடவையும் அப்பா ஆசையாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ரெண்டு நாள் கழித்துச் சத்தமில்லாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், ஃபோனில் "நல்லதா ஒண்ணு வாங்குக்கா, காசு அனுப்புறேன்" என்பதோடு அவன் வேலை முடிந்தது. வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் கேம், கேமரா, ஸ்பீக்கர் பற்றித்தான் பேசுகிறார்கள். தமிழ்ப் புத்தகம் படிக்கிற, கண் மங்கிய, கையில் வலு குறைந்த ஒருவருக்கு எது சரி என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 78 வயது, கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் பாதி புத்தகத்துக்கே போகிறது என்று அம்மா இருந்தவரைக்கும் சண்டை போடுவார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது, மழை நேராக அலமாரியில் இறங்கியது. வெயில் வந்ததும் அப்பா ஒவ்வொன்றாகத் திண்ணையில் விரித்துக் காயவைத்தார். காய்ந்த பிறகு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகை மாதிரி ஆகிவிட்டன. பிரிக்கப் போனால் எழுத்து உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். அப்புறம் கிளை நூலகப் புத்தகங்களால் சில வருஷம் ஓட்டினார். ரெண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி நன்றாகத்தான் இருந்தார், பிறகு ஒரு நாள் "ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுதும்மா" என்றார். விழித்திரையின் நடுப்பகுதி தேய ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னார்கள். எழுத்து பெரிதாகவும் கருப்பு வெள்ளை பளிச்சென்றும் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம், படிப்பதால் கண் மேலும் கெடாது என்று டாக்டர் சொன்னதும்தான் டேப்லட் யோசனையே வந்தது.

குறுவை நெல் போட்ட காசு கையில் இருந்தது, தீபாவளி ஆஃபர் வேறு. வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு பெரிய கடையில் கேட்டேன். "பெரியவங்களுக்குன்னா பெருசாத்தான் மேடம் வாங்கணும்" என்று அங்கிருந்த பையன் 10.5 அங்குலம் ஒன்றை எடுத்து வைத்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 18,500 ரூபாய். கீழே விழுந்தால் உடையக் கூடாது என்று மடக்குகிற மாதிரி தடித்த உறை ஒன்று, 1,200. கடையில் நின்றுகொண்டு ரெண்டு கையாலும் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தபோது கனமாகவே தெரியவில்லை. அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு நிமிஷம் பிடிப்பதும், சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் பிடிப்பதும் ஒன்று இல்லை.

அப்பா முதல் நாள் முக்கால் மணி நேரம் படித்தார். அடுத்த நாள் இருபது நிமிஷம். மூன்றாம் நாள் கட்டைவிரல் அடியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை கடுக்குதும்மா, அப்புறம் படிச்சுக்கிறேன்" என்றார். நான் அதை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். உறையோடு 790 கிராம். வீட்டுக்கு வந்து, அப்பா வலி இல்லாமல் படித்துக்கொண்டிருந்த ஒரு நூலகப் புத்தகத்தை எடுத்துப் போய் அதே தராசில் வைத்தேன். 240 பக்கம், சாதா அட்டை, 270 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த ஒரு வேலையை முதலிலேயே செய்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். நீங்கள் யாருக்கு வாங்கினாலும் சரி, அவர் சிரமமில்லாமல் பிடித்துப் படிக்கிற ஒரு புத்தகத்தை முதலில் எடை போடுங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். உறையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தடித்த உறையே கால் கிலோவுக்கு மேல் வரும். விளம்பரத்தில் போடுகிற எடை வெறும் கருவியின் எடைதான்.

எடை தவிர இன்னொன்றும் இருந்தது. பகலில் அப்பா திண்ணையில்தான் உட்காருவார், வெளிச்சம் தெருப் பக்கமிருந்து வரும். கண்ணாடித் திரையில் எழுத்துக்கு மேலேயே எதிர்வீட்டுத் தென்னைமரம் ஆடுவது தெரிகிறது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாலும் போகவில்லை. பழைய ஃபோன் வாங்குகிற கடையில் உறையோடு சேர்த்துக் கொடுத்தேன், 9,000 கிடைத்தது. அந்த வகையில் 10,700 நஷ்டம்.

அடுத்தது நான் அவசரப்பட்டது. கனம்தானே பிரச்சினை என்று கார்த்திகையில் ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு 7 அங்குலம் ஒன்றை வாங்கினேன், பேர் தெரியாத கம்பெனி. லேசாக இருந்தது, அது உண்மை. ஆனால் சாய்ந்து உட்கார்ந்து கீழிருந்து பார்த்தால் திரை பாதி கருத்துவிடும், நேராக முகத்துக்கு எதிரே பிடித்தால்தான் எழுத்து ஒழுங்காகத் தெரியும். மலிவான திரைகளில் இப்படி இருக்கும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐபிஎஸ் திரை என்று போட்டிருந்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. கடையில் பார்க்கும்போது கருவியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் சாய்த்துப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. அதோடு அதில் ரேம், அதாவது வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம், 1 ஜிபிதான். ஸ்கேன் செய்த புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினால் வெள்ளையாக நின்று, பிறகு மங்கலாக வந்து, பிறகு தெளியும். அப்பா திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவார், ரெண்டு பக்கம் தாண்டிப் போய்விடும். எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், 7 நாளுக்குள் பழுது இருந்தால் வேறு ஒன்று தருவார்களாம், பணம் வராதாம். கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. வாங்கும் முன் "மாற்று மட்டும்" என்றிருக்கிறதா, "பணம் திரும்ப" என்றிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அந்த 6,000 அப்படியே போனது.

அந்த வாரம் ரொம்பச் சோர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான், ஒரு பொருளை யோசித்து வாங்கத் தெரியவில்லையே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா மட்டும் "விடும்மா, நான் ரேடியோ கேட்டுக்கிறேன்" என்றார். அதுதான் என்னை மறுபடி உட்கார வைத்தது. இந்த முறை கருவியை விட்டுவிட்டு, அப்பா படிக்க ஆசைப்படுகிற புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கிறது, எந்த மாதிரி கோப்பாகக் கிடைக்கிறது என்று தேடினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

தமிழில் மின்னூல் என்றால் பெரும்பாலும் ரெண்டு ஜாதி. ஒன்று, யூனிகோடு என்ற பொதுவான எழுத்து முறையில் தட்டச்சு செய்து, இபப் என்ற மின்னூல் கோப்பு வடிவில் வருவது. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், வரி தானாக மடங்கிக்கொள்ளும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றுகிற, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே பிடிஎஃப் எடுக்காமல் வலைப்பக்க வடிவத்தை எடுத்து, காலிபர் என்ற இலவச மென்பொருளில் போட்டு இபப் ஆக்கிக்கொண்டால் சின்னத் திரைக்குப் பொருந்தும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 2016 முதல் தமிழ்ப் புத்தகங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் பூட்டுப் போட்டே வரும், அதனால் வேறு செயலியில் திறக்காது, டேப்லட்டில் படிப்பதானால் கிண்டில் செயலி போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஜாதி, அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்த ஸ்கேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் இப்படித்தான், அரிய பழைய பதிப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இது வெறும் படம் என்பதால் எழுத்து மட்டும் பெரிதாகாது, பக்கம் முழுவதும்தான் பெரிதாகும். இதிலேயே இன்னொரு சிக்கல், யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வரி மடக்கப் போனாலோ நகல் எடுத்தாலோ குப்பை குப்பையாக ஆங்கில எழுத்து வரும். அதையும் ஸ்கேன் மாதிரியே நினைத்துக்கொள்வது நல்லது. அப்பாவின் பட்டியலில் 40 புத்தகம் இருந்தன, அதில் 23 ஸ்கேனாக மட்டுமே கிடைத்தன.

இந்த எண்ணிக்கையை எடுத்து முடிப்பதற்குள், மார்கழியில் 9,500 ரூபாய்க்கு 6 அங்குல இ-இங்க் ரீடர், அதாவது மின்காகிதத் திரை வைத்த, புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள கருவி ஒன்றை வாங்கியிருந்தேன். அதை வீண் என்று சொல்ல மாட்டேன். எடை 160 கிராம்கூட இல்லை. அந்தத் திரையில் பின்னாலிருந்து விளக்கு அடிப்பதில்லை, மேலே விழுகிற வெளிச்சத்தைக் காகிதம் போலவே திருப்பி அனுப்புகிறது, அதனால் திண்ணை வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும். பக்கம் மாறும்போதுதான் திரைக்குப் பெரும்பாலும் மின்சாரம் செலவாகிறது. கஜாவுக்கு அப்புறம் கரன்ட் இல்லாமல் நாங்கள் கிடந்த நாட்களை நினைத்தால், ஒரு தடவை சார்ஜ் போட்டு வாரக்கணக்கில் ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கண் நன்றாக இருக்கிறவர், இபப் மட்டுமே படிக்கிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கலாம். ராத்திரி நான் இதில்தான் படிக்கிறேன்.

அப்பாவுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றால், ஸ்கேன் பக்கம் 6 அங்குலத் திரையில் அச்சுப் புத்தகத்தைவிடச் சின்னதாகிவிடுகிறது. இபப்பிலும் ஒரு சிக்கல் வந்தது. அவருக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு ரெண்டு சொல்தான் நிற்கிறது. நம் சொற்கள் நீளம். "வந்துகொண்டிருந்தார்கள்" என்று ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரி. ரெண்டு ஓரமும் நேராக வரும்படி வைத்திருந்தால் நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும், இடது ஓரம் மட்டும் நேராக வரும்படி மாற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. அப்படியும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கம் திருப்ப வேண்டும். அப்பாவின் விரல் காய்ந்து போயிருப்பதால் தொட்டால் பாதி நேரம் திரைக்குத் தெரிவதில்லை. வயதானவர்கள் விரலுக்கு இது சகஜம், அவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள்.

தையில் பொங்கல் லீவில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். சாதாரண தமிழ்ப் புத்தகத்தில் ஓரத்து வெற்றிடத்தை விட்டுவிட்டால் எழுத்து இருக்கிற அகலம் சுமார் 4 அங்குலம். முதலில் வாங்கின 10.5 அங்குலத்தை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் ஐந்தரை அங்குலம்தான் (10.5 என்பது மூலைக்கு மூலை அளவு), பக்கத்தின் ஓர வெற்றிடத்தைச் செயலியில் வெட்டாமல் அப்படியே திறந்ததால் எழுத்து அச்சில் இருந்த அளவுதான் இருந்தது. அவ்வளவு பெரிய கருவி வாங்கியும் எழுத்து பெரிதாகவே இல்லை! 8.7 அங்குலம் ஒன்றைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஓரத்தை வெட்டிவிட்டால், 4 அங்குல எழுத்து வரி ஏழே கால் அங்குலத்துக்கு மேல் விரிகிறது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. ஒரு பக்கத்தை ரெண்டு மூன்று தடவையாக நகர்த்திப் படிக்க வேண்டும், அது சிரமமில்லை. பெரியதைப் படுக்கவைத்தால் இன்னும் பெரிதாகும்தான், ஆனால் அதைத் தூக்கும் கை வேண்டுமே.

அதன்படி தேடினேன். எடையை மட்டும் பார்த்தால் 8.3 அங்குல ஐபேட் மினி 293 கிராம், திரையும் ரொம்பத் தெளிவு, ஆனால் விலை எனக்கு எட்டாது. 8.7 அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, 332 கிராம். அதையே மாசியில் 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். திரையின் புள்ளி அடர்த்தி இ-இங்க் ரீடரைவிடக் குறைவுதான், ஓர் அங்குலத்துக்கு 180 புள்ளிக்குள், அங்கே 300. சின்ன எழுத்தில் படிக்கிறவருக்கு அது தெரியும், பெரிய எழுத்தில் அப்பாவுக்குத் தெரியவில்லை. மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், ஸ்கேன் புத்தகங்கள் சில நூறு எம்பியைத் தாண்டுகின்றன. மடக்கும் உறை வாங்கவில்லை, பின்பக்கம் மட்டும் மெல்லிய ரப்பர் உறை, 400 ரூபாய். பளபளப்பு இல்லாத மேட் ஸ்க்ரீன் கார்டு (திரைமேல் ஒட்டும் தாள்) ஒட்டினேன், 350. தென்னைமரம் இப்போது நிழலாகத்தான் தெரிகிறது. எல்லாம் சேர்த்து மளிகைக் கடைத் தராசில் 415 கிராம். புத்தகத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் படுக்கைவாட்டில் ரெண்டு கையாலும் பிடித்து வயிற்றின் மேல் ஒரு சின்னத் தலையணையில் சாய்த்துக்கொள்வதால் கை தாங்குகிறது.

வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள், முதல் நாளே செய்ய வேண்டியது சில இருக்கிறது. ரீட்எரா என்ற இலவசச் செயலியைப் போட்டேன், விளம்பரம் கிடையாது, இபப், பிடிஎஃப் ரெண்டும் திறக்கும், ஓரத்தை வெட்டும் வசதியும் இருக்கிறது. அதில் சத்தம் கூட்டும் பொத்தானால் பக்கம் திருப்பும்படி மாற்றி வைக்கலாம். இது ஒன்றுதான் அப்பாவின் காய்ந்த விரல் பிரச்சினையைத் தீர்த்தது, பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. திரை சுழல்வதைப் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் சாய்ந்தாலே பக்கம் திரும்பிக்கொண்டு ஆளைக் குழப்பும். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டேன், இணையத்திலிருந்து எந்த அறிவிப்பும் வந்து எழுத்தை மறைக்காது. இபப் படிக்கும்போது கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துக் கொடுத்துப் பார்த்தேன், அவருக்கு அதுதான் கண் கூசாமல் இருக்கிறது. இது ஆளுக்கு ஆள் மாறும், ரெண்டையும் காட்டிக் கேளுங்கள்.

இன்னும் தீராதது சார்ஜர்தான். ஓட்டையில் முனையைச் சரியாகச் செருக அவருக்குக் கண் பத்தவில்லை, ராத்திரி நான்தான் போட வேண்டியிருக்கிறது. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வயர் வருகிறது என்றார்கள், நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். போன வாரம் பட்டியலில் பன்னிரண்டாவது புத்தகத்தை முடித்தார். கஜாவில் நனைந்து பலகையாகிப்போன ஒன்றின் பேரைச் சொல்லி, "அது அதுல கெடைக்குமா பாரும்மா" என்றார். முதல் பதிப்பின் ஸ்கேனே கிடைத்தது, நூலக முத்திரையோடு. நேற்றுச் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார், காபி ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது.